மாமா கொடுக்க மறுத்த சொல்

எங்கள் கட்டடத்தில் ஆளுக்கொரு கைத்திறன் இருந்தது. ஸ்காபரோவில் பதினொரு மாடிக் கட்டடம். குடியிருந்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். கீழே கார் விடும் நிலவறையில் வைத்தே எந்தக் காருக்கும் பிரேக் மாற்றிக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். ஏழாம் மாடி மன்னார் அண்ணை தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வந்து கட்டடத்து ஆண்களுக்கெல்லாம் தலைமயிர் வெட்டுவார். மூன்றாம் மாடி அன்ரி ஒரு கலியாண வீட்டுக்கு வேண்டிய ரோல்ஸ் பலகாரம் முழுவதையும் தனியாளாகச் சுற்றி முடிப்பார். ஒன்பதாம் மாடியில் இருந்த என் மாமாவின் கைத்திறன் ஆங்கிலக் கடிதம்.

மாமா அம்மாவின் மூத்த அண்ணன். யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக, தலைமை எழுத்தராக, இருந்தவர். ரொறன்ரோவில் அவருக்குக் கிடைத்தது ஒரு பாண் தொழிற்சாலையில் நின்றுகொண்டு பன்களைப் பைக்குள் போடும் வேலை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. வேலையால் வந்து, குளித்து, மடிப்புக் கலையாத சேட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாரென்றால் பழைய பிரதம லிகிதர் திரும்பி வந்துவிடுவார். வாடகை கூட்டிய கடிதம், காப்புறுதிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என்று ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கட்டடத்தை விட்டு ரூஜுக்கும் விட்பிக்கும் வீடு வாங்கிப் போனவர்கள்கூடக் காரை எடுத்துக்கொண்டு மாமாவிடம்தான் வந்தார்கள். யுனிவர்சிற்றி போகிற பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

“பெடியள் எழுதினா அது இங்கிலீஷ். அண்ணை எழுதினாத்தான் அது கடிதம்” என்றார் மன்னார் அண்ணை.

எழுதியதை மூன்று தரம் வாசிக்காமல் மாமா வெளியே விடமாட்டார். ஒரு கொமா இடம் மாறி நின்றதென்று அப்பா நிரப்பிய படிவம் ஒன்றைக் கிழித்துப் போட்டு, முதலில் இருந்து எழுதவைத்தார். அப்பா இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

ஆனால் மாமாவின் முழுக் கவனமும் இருந்த இடம் கடிதத்தின் கடைசி வரிதான். கையெழுத்துக்கு மேலே வருகிற அந்த இரண்டு சொற்கள். பெயர் தெரியாத ஒருவருக்கு ‘டியர் சேர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி’ என்று முடிக்க வேண்டும். பெயர் தெரிந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. பெயர் தெரிந்தும் ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டுமென்றால் ‘யுவர்ஸ் ட்ரூலி’. மற்றவர்களுக்கு இவை எல்லாம் ஒன்றுதான். கடிதம் முடிந்துவிட்டது, எழும்பிப் போகலாம் என்பதற்கு மேல் அவற்றுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. மாமாவுக்கு அப்படியில்லை. வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்துவதா, விறாந்தையில் இருத்துவதா, உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதா என்பதைப் போல அவர் அதை யோசித்து யோசித்துத் தீர்மானிப்பார்.

மூன்றிலும் அவருக்குச் செல்லப்பிள்ளை சின்சியர்லிதான். அந்தச் சொல்லுக்கு ஒரு பிறப்புக் கதையும் வைத்திருந்தார். ரோமாபுரியில் பளிங்குச் சிலை செய்கிறவர்கள், உளி தவறிக் கல் வெடித்துவிட்டால் அந்த வெடிப்பை மெழுகால் அடைத்து மினுக்கி விற்றுவிடுவார்களாம். வெயில் ஏற மெழுகு உருகும், கள்ளம் வெளிப்படும். நேர்மையான சிற்பி மட்டும் ‘மெழுகு இல்லாதது’ என்று சொல்லி விற்பானாம். அந்த ‘மெழுகு இல்லாத’ என்ற லத்தீன் பேச்சிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது என்பார் மாமா. இந்தக் கதையை அவர் பிறந்தநாள் கொண்டாட்டங்களில், சாப்பாட்டுக்குக் கோப்பையுடன் வரிசையில் நிற்கிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். “இஞ்சருங்கோ, அந்தச் சனத்தை முதல்ல சாப்பிட விடுங்கோ” என்று மாமி தூரத்தில் இருந்து குரல் கொடுப்பார்.

வளர்ந்த பிறகு நான் அகராதிகளில் தேடிப் பார்த்தேன். சுத்தமான, வேறொன்றும் கலக்காத என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பது சரி. மெழுகுக் கதையை மட்டும் அறிஞர்கள் நம்பவில்லை. அதை மாமாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மாமாவுக்கு முன்னால் வந்து நின்றிருந்தால் அந்த அறிஞர்களுக்கும் வந்திராது.

கனடாவில் எல்லோரும் முன்னால் ‘யுவர்ஸ்’ இல்லாமல் வெறும் ‘சின்சியர்லி’ என்று போடுவதை அவரால் சகிக்க முடியவில்லை. “உண்மை சரி. ஆருக்கு உண்மை? காத்துக்கோ?” என்று கேட்பார். யுவர்ஸ் சின்சியர்லி என்று போட்டால், நான் உம்முடைய ஆள், என் மனதில் கலப்படம் இல்லை என்று எழுதிக் கொடுப்பதாக அவர் கணக்கு. அதை அளந்துதான் கொடுக்க வேண்டும், கண்டபடி இறைக்கக்கூடாது.

எனக்கு அப்போது பதினொரு வயது. நாங்கள் மாமா வீட்டுக்கு ஒரு மாடி மேலே, பத்தாம் மாடியில் இருந்தோம். மாமாவின் இந்த ஆராய்ச்சி எல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வகுப்பில் கடிதம் எழுதப் பழக்கிய ரீச்சர், கடைசியில் சின்சியர்லி, ஒரு கொமா, கீழே பெயர், அவ்வளவுதான் என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். அது இல்லாத கடிதம் மரியாதை கெட்ட கடிதம், வாங்குகிறவருக்குக் கோபம் வரும், பரீட்சையில் இரண்டு புள்ளி குறைப்பேன் என்றும் சொன்னார். எனக்குப் புள்ளி குறைவது பிடிக்காது. அதனால் அது மனதில் நன்றாகப் பதிந்திருந்தது.

அந்த வருடம் மாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்தியிருந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணித்தியாலம் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்பதை என் முன்னால் யாரும் சொல்வதில்லை. நான் வந்ததும் அம்மா பேச்சை மாற்றுவார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

கட்டடத்தில் எலிவேற்றர் இரண்டு. ஒன்று கோடை தொடங்கியபோதே நின்றுவிட்டது. வாசலில் பலகை அடித்து மூடிவிட்டார்கள். மற்றது நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் ஓடாது. அது பெரும்பாலும் செவ்வாய், வியாழன், சனியில்தான் நினைக்காமல் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அப்படியான நாட்களில் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றில் மாமியை இருத்தி, அப்பா ஒரு பக்கமும் மன்னார் அண்ணை மறு பக்கமுமாகப் பிடித்து, ஒன்பது மாடிப் படியும் இறக்குவார்கள். மாமா முன்னால் பின்பக்கமாக நடந்து, படியை எண்ணிச் சொல்லிக்கொண்டே போவார். மாமி தலை இழுத்து, பொட்டு வைத்து, நல்ல சீலை கட்டித்தான் கதிரையில் ஏறுவார். கண்டவர்கள் பரிதாபப்படக்கூடாது என்பது அவருடைய எண்ணம். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்க்கிறவர்களுக்குக் கையை அசைத்து, “சாமி வெளிவீதி வருது, கும்பிட்டுக்கொள்ளுங்கோ” என்பார். தூக்குகிறவர்களுக்குச் சிரிப்பு வந்து கதிரை ஆடும். “நீர் பேசாமல் இரும்” என்று மாமா அதட்டுவார்.

மாமா கட்டட நிர்வாகத்துக்கு முதல் கடிதம் எழுதினார். பெயர் தெரியாததால் டியர் சேர், யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி. மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது: தங்கள் பொறுமைக்கு நன்றி, ஆவன செய்கிறோம். கீழே மனேச்சரின் பெயரும், முன்னால் ஒன்றும் இல்லாத வெறும் சின்சியர்லியும். மாமா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் ஆளின் பெயர் தெரிந்துவிட்டதால் இரண்டாவது கடிதத்தில் யுவர்ஸ் சின்சியர்லி கொடுத்தார். அதற்கும் பதில் வந்தது. ஒரு எழுத்தும் மாறாமல் அதே கடிதம், திகதி மட்டும் வேறு. மூன்றாவது கடிதத்தில் மாமா அவரை யுவர்ஸ் ட்ரூலிக்கு இறக்கினார். அதற்குப் பதிலே வரவில்லை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. மூன்று கடிதத்திலும் மாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘வயது முதிர்ந்த, உடல் நலம் குன்றிய குடியிருப்பாளர்கள் சிலர்’ என்று மட்டும் இருந்தது. அப்பாவுக்கும் அது விளங்கவில்லை.

“மச்சான், மனிசிக்கு இப்பிடி வருத்தம், கதிரையில வைச்சுத் தூக்கிறம் எண்டு எழுதுங்கோவன். மனசு இளகும்.”

“என்ர மனிசியைக் காட்டிப் பிச்சை எடுக்கச் சொல்லுறியோ? வாடகை குடுக்கிறம். எலிவேற்றர் உரிமை. உரிமையை உரிமையாத்தான் கேக்கலாம்.”

மாமா அப்படிச் சொன்ன விதத்தில் எனக்கும் முதுகு நிமிர்ந்தது. அந்த மனிதர் மீது எனக்கு இன்றைக்கும் குறையாத ஒரு பெருமை உண்டு. அது அந்த நிமிடத்தில் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, ஐந்தாம் மாடித் திருப்பத்தில் மன்னார் அண்ணைக்குக் கால் சறுக்கிவிட்டது. கதிரை ஒரு பக்கம் சரிந்தது. மாமி கைபிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. விழாமல் தாங்கிய மன்னார் அண்ணைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவரைத்தான் பிறகு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். அன்றைக்கு மாமி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, சீலை மாற்றி, கட்டிலில் சாய்ந்துகொண்டு, எல்லோரும் இருக்கும்போதே சொன்னார்:

“இனி நான் போகேல்லை. குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீட்டு ஆம்பிளையின்ர முதுகை முறிச்சுப்போட்டு எனக்கொரு உயிர் வேண்டாம். எலிவேற்றர் ஓடட்டும், போறன். ஓடாட்டி இல்லை.”

மாமி அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மாமி ஒன்று சொன்னால் சொன்னதுதான். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எத்தனை நாள் தாங்கும் என்று அப்பா தொலைபேசியில் யாரிடமோ மெல்லக் கேட்டார். என்ன பதில் வந்ததென்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அப்பா கொஞ்ச நேரம் அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஞாயிறு பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. தூசி படாமல் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருப்போம். கையெழுத்துக் கடிதத்தை மதிக்கிறார்கள் இல்லை, இந்த முறை அச்சில் போகட்டும் என்றார் மாமா. வீட்டில் விரைவாக ரைப் பண்ணக்கூடியது நான்தான். நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன், மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்கும் யன்னலுக்கும் நடந்து நடந்து சொன்னார். கொமா வரும் இடத்தில் கொமா என்றார். முற்றுப்புள்ளி வரும் இடத்தில் ஒரு கணம் நின்றார். அது ஒரு அருமையான கடிதம். கோபமான ஒரு சொல்கூட இல்லை. ஆனால் வாசிக்க வாசிக்க எங்கோ தவறு செய்துவிட்டு மாட்டிக்கொண்டது போல எனக்கே பயமாக இருந்தது. அதிலும் மாமி இல்லை.

“கீழ என்ர பேர். அவ்வளவுதான்” என்றார்.

நான் காத்திருந்தேன். “யுவர்ஸ்...?”

“இல்லை.”

“சின்சியர்லி?”

“அவருக்கு அது இல்லைப் பிள்ளை. குடுக்கிறதா இல்லை. ட்ரூலியும் இல்லை, ஒண்டும் இல்லை.”

சோபாவில் இருந்த அப்பா சிரித்துவிட்டார். “மச்சான், அந்த மனேச்சர் உந்தச் சொல்லையெல்லாம் பாப்பானே?”

“பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. அது அவன்ர பாடு. நான் என்ன எழுதிறன் எண்டது என்ர பாடு.”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஊரில் ஒரு மேலதிகாரி மாமாவை வேண்டுமென்றே மூன்று தரம் இடமாற்றிப் பழிவாங்கினாராம். அவருக்குக்கூட மாமா, ‘உங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்ற அந்தக் காலத்து அரசாங்க முடிவைக் குறைக்காமல்தான் எழுதினாராம். வெறும் பெயரோடு மாமா ஒரு கடிதத்தை முடித்தது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று அம்மா எனக்குப் பிறகு சொன்னார்.

பிரிண்ட் எடுத்து வை, மாமிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மாமா கீழே போனார். அப்பா மன்னார் அண்ணையைப் பார்க்கப் போனார். அம்மா குசினியில் நின்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பந்திக்கும் மாமாவின் பெயருக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு இடம். ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. மரியாதை கெட்ட கடிதம், வாங்குகிறவருக்குக் கோபம் வரும். மனேச்சருக்குக் கோபம் வந்தால் எலிவேற்றர் திருத்தமாட்டார். எலிவேற்றர் ஓடாவிட்டால் மாமி போகமாட்டார். மாமி போகாவிட்டால் என்ன என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அந்த வெள்ளை இடத்தில் சின்சியர்லி என்று அடித்தேன். பிறகு, மாமாவுக்குப் பிடித்தபடியாவது இருக்கட்டும் என்று முன்னால் யுவர்ஸ் சேர்த்தேன்.

பிரிண்டரில் கறுப்பு மை முடிந்திருந்தது. கடிதம் நாவல்பழ நிறத்தில் வந்தது.

மாமா திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நான் அவருடைய கதிரைக்குப் பின்னால் பயந்துகொண்டு நின்றேன். அவர் கையெழுத்து வைத்தார், மூன்றாக மடித்தார், உறைக்குள் போட்டார், தானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். கவலையில் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நான் செய்தது அவர் கண்ணில் படவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே, மாமாவை ஏமாற்றிவிட்டேன் என்ற குற்ற உணர்வும் வந்து உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை எலிவேற்றர் ஓடவில்லை, மாமி போகவில்லை. வியாழன் காலை அவருக்கு முகம் வீங்கியிருந்தது. மூன்று தலையணை வைத்து நிமிர்ந்து இருந்துகொண்டுதான் மூச்சு விட்டார். மாமா வேலைக்குப் போகாமல் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னையும் அன்றைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. பத்து மணிக்குக் கருவிப் பெட்டிகளோடு இரண்டு பேர் கட்டடத்துக்குள் வந்தார்கள். மூன்றாம் மாடி அன்ரி படியேறி ஓடி வந்து எங்களுக்குச் சொன்னார். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்பதாம் மாடியில் எலிவேற்றர் கதவு திறந்தது. மாமி அப்போதும் சீலை மாற்றாமல் வரமாட்டேன் என்றார். மாமா அவருடைய கையைப் பிடித்து, சும்மா சுற்றியிருந்த சீலையோடேயே கொண்டுபோய் ஏற்றினார். அந்த ஒரு தடவைதான் மாமி அவர் சொன்னதைக் கேட்டு நான் பார்த்தது.

எலிவேற்றரை ஓடவைத்தது யார் என்பதில் கட்டடத்தில் ஒருமித்த கருத்து இல்லை. அம்மா தான் முருகனுக்கு வைத்த நேர்த்தி என்றார். மன்னார் அண்ணை படுத்த படுக்கையில் சொன்ன செபமாலை என்றார். அப்பா நகரசபைக்கு நாளுக்கு நாலு தரம் போன் எடுத்தது தானென்று நினைவூட்டினார். ஆனால் மாமாவின் கதைக்கு முன்னால் இவை ஒன்றும் நிற்கவில்லை.

மாமி அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தார். அந்த ஏழு வருடத்திலும், அதற்குப் பின்னும், எங்கள் ஆட்கள் கூடுகிற எந்த வீட்டிலும் மாமா இந்தக் கதையைச் சொன்னார். ஃபெயித்ஃபுலியில் தொடங்குவார். சின்சியர்லி கொடுத்ததையும், ட்ரூலிக்கு இறக்கியதையும் சொல்வார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நாலாவது கடிதத்தில ஒண்டும் குடுக்கேல்லை. வெறும் பேர். ஆள் ஆடிப்போனான்” என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். எழுதத் தெரிந்தவன் எழுதாமல் விட்டாலே இப்படி என்று யாராவது வியப்பார்கள். “ஒரு சொல்லால எலிவேற்றர் ஓடுமெண்டா கரண்ட் என்னத்துக்கு?” என்று மாமி கேட்பார். சிரிப்பு அடங்கியதும் மாமா என்னைத் தேடிக் கூப்பிடுவார்.

“பிள்ளை, நீதானே ரைப் பண்ணினனி. இருந்ததோ அந்தச் சொல்? சாட்சி சொல்லு.”

“இல்லை மாமா” என்பேன்.

இவ்வளவு நேர்மையான மனிதரை, அத்தனை பேர் முன்னால், பொய்யை உண்மையென்று நம்பவைத்துக்கொண்டிருக்கிறேனே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொள்வேன். சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது நான் விட்பியில் இருக்கிறேன். ரயிலில் ஒரு மணித்தியாலம் போய், ஒரு அலுவலகத்தில் மற்றவர்களுடைய முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிறேன். அங்கே கொம்பியூட்டர் ஒவ்வொரு கடிதத்துக்குக் கீழும் சின்சியர்லியைத் தானாகவே ஒட்டிவிடும். நான் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

போன மாரிக் குளிரில் என் மகளுக்காக ஒரு பெண் அதிகாரிக்கு எழுத வேண்டி வந்தது. அவளுக்கு வகுப்பில் ஒரு உதவியாளர் தேவைப்பட்டார். ஒழுங்கு செய்யும் அதிகாரம் அந்தப் பெண்ணிடம் இருந்தது. முதல் நாள்தான் போனில் என்னைக் கேட்கக்கூடாத கேள்வி எல்லாம் கேட்டு, என் பிள்ளையைப் பற்றிச் சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லியிருந்தார். வீட்டுக் கொம்பியூட்டரில் அந்தக் கடிதத்தை எழுதி முடித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் விரல் ஓடவில்லை. வெறும் பெயரைப் போடு என்று மனம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு அது இல்லை, கொடுக்காதே. பிள்ளை அடுத்த அறையில் தன் பாட்டில் பாடிக்கொண்டிருந்தாள். நான் சின்சியர்லி என்று அடித்தேன். அந்த ஒரு சொல் எவ்வளவு பாரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அனுப்பிவிட்டு மாமாவை நினைத்தேன். எழுதியதை மூன்று தரம் வாசிக்கிற மனிதர். தன் கையெழுத்துக்கு ஒரு விரல் மேலே, நாவல்பழ நிறத்தில் நின்ற இரண்டு சொற்களையா அவர் காணாமல் விட்டிருப்பார்? அவரால் அந்தச் சொல்லை எழுத முடியவில்லை. நான் எழுதி வைத்திருந்ததைக் கண்ட பிறகு, கீழே மாமி இருந்த நிலையில், வெட்டவும் முடியவில்லை. கூட்டத்தின் நடுவில் என்னைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டபோதெல்லாம், நான் இல்லை என்று சொல்வேன் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா இப்போது ஸ்ரௌவ்வில் ஊரில், பின்னாளில் கனடா வந்து சேர்ந்த மகளின் வீட்டில் இருக்கிறார். போனால் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்வார், நானும் சாட்சி சொல்வேன். அந்தச் சொல்லைக் கண்டீர்களா என்று அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அந்த ஞாயிறு பின்னேரம் அவர் கடிதத்தை வாசித்து முடித்த பிறகு பேனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். மை வரவில்லையாக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் என் பள்ளிக்கூடப் பேனையை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன்.